கொரிய மறுபிறவி காமிக்ஸில் நாயகி ஏன் எப்போதும் பிரபு வீட்டிலேயே பிறக்கிறாள்?

சொகுசு வாழ்க்கை மீதான ஆசை ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமில்லை. 2015 வாக்கில் கொரிய இளைஞர்களிடம் 'கரண்டி வகுப்பு' என்ற பேச்சு பரவியது. பெற்றோரின் சொத்தைப் பொறுத்து நீங்கள் தங்கக் கரண்டி, இல்லையென்றால் மண் கரண்டி. உழைத்து மேலே வர முடியாது என்று தோன்றிவிட்டால் மிச்சமிருப்பது மறுபிறவிதானே! ஓயாத வேலையால் செத்துப்போகும் அலுவலக ஊழியர் ஒருத்தி, கண் விழிக்கும்போது பிரபுவின் மகள்.

இந்தக் கதைகளில் பிரபுக்களின் பட்டங்கள் பார்க்க ஐரோப்பிய மாதிரி இருக்கும். ஆனால் அவற்றுக்கான கொரியச் சொற்கள் பழைய சீனப் பட்டப் பெயர்களிலிருந்து வந்தவை.

எனக்கு உறுத்துவது பணிப்பெண் காட்சிதான். ஒதுக்கப்பட்ட நாயகிக்கு ஒரு வேலைக்காரி கெட்டுப்போன சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள். அப்புறம் நாயகி தன் அந்தஸ்தைக் காட்டி அவளை அடக்குவாள், நாமும் கைதட்டுவோம் (நானும்தான்). போன பிறவியில் மேலாளரிடம் திட்டு வாங்கியவள் இந்த நாயகியே என்பதைக் கதை பெரும்பாலும் மறந்துவிடும்.

இத்தனைக்கும் அவளுடைய அந்தஸ்து அப்பா, பேரரசர், வடக்குப் பிரபு (இந்தக் கதைகளில் அடிக்கடி நாயகனாக வரும் வட எல்லைப் பிரபு) ஆகியோரின் தயவில்தான் நிற்கிறது. அவர்கள் மனம் மாறினால் தலை போகும். அதனால்தான் ஒப்பந்தக் கல்யாணமும், நகைகளைச் சேர்த்துவைத்துத் தப்பியோடும் திட்டமும் கதைக்குக் கதை வருகின்றன.