வேலையும் படிப்பும்: வாசகர்களின் வரிக் கேள்விகள்

எல்லாப் பதில்களும் 2025-26 நிதியாண்டுக்கு. பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி: 80சி என்றால் சேமிப்பு, டியூஷன் ஃபீஸ் போன்றவற்றுக்காக ஒன்றரை லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்வது; 80இ என்றால் கல்விக் கடன் வட்டியைக் கழித்துக்கொள்வது.

ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர எம்.பி.ஏ. படிக்கிறேன். கட்டணம் 1.8 லட்சத்தைச் சம்பளத்திலிருந்துதான் கட்டினேன். இதை 80சி-யில் காட்டலாம் என்கிறார் அலுவலக நண்பர்.

கூடாது. ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி வருகிறது, நானும் சலிக்காமல் எழுதுகிறேன். 80சி-யில் வரும் டியூஷன் ஃபீஸ் உங்கள் பிள்ளைகளுடையது. அதுவும் இரண்டு பிள்ளைகள் வரைதான். இந்தியாவிலுள்ள கல்வி நிலையமாக, முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். நன்கொடையும் வளர்ச்சிக் கட்டணமும் சேராது. வரி கட்டுபவர் தானே படித்தால் அந்தச் செலவுக்கு 80சி-யில் இடமே இல்லை. கணவன் அல்லது மனைவியின் படிப்புக்கும் கிடையாது. சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்கவும் வழியில்லை.

"ஹெச்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டார்களே" என்பார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டால் வரித் துறை ஒப்புக்கொண்டதாகிவிடாது. அடுத்து, ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்று கமிஷனுக்கு ரிட்டர்ன் போடுகிறவர்கள். இல்லாத ரசீதைக்கூட அவர்கள் காட்டிவிடுவார்கள். இப்படிப்பட்ட போலிக் கழிவுகளுக்காக 2025 ஜூலையில் வரித் துறை நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் சோதனை போட்டது. 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் ஒன்றரை லட்சத்தைப் பொய்யாகக் கழித்தால் மிச்சமாவது ஏறக்குறைய 47,000. வேண்டுமென்றே தவறான தகவல் தந்ததாக முடிவானால் அபராதம் அதைப்போல் இரு மடங்கு, வரியும் வட்டியும் தனி. கமிஷன் வாங்கியவர் அப்போது ஃபோனை எடுக்க மாட்டார். ஏற்கெனவே காட்டிவிட்டவர்கள் நோட்டீஸ் வருவதற்குள் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். அதற்கும் காலம் கடந்திருந்தால் கூடுதல் வரியோடு 'அப்டேட்டட் ரிட்டர்ன்' இருக்கிறது.

சம்பளம் வருடத்துக்கு 9 லட்சம். கல்விக் கடன் வட்டி 60,000. எப்படிக் கழிப்பது?

எதற்குக் கழிக்க வேண்டும்? வரிக் கணக்கில் இரண்டு முறைகள்: கழிவுகள் உள்ள பழைய முறை, பெரும்பாலான கழிவுகள் இல்லாமல் விகிதம் குறைந்த புதிய முறை. புதிய முறையில் 12.75 லட்சம் சம்பளம் வரை வரியே இல்லை. எந்த முறை என்பதை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

18 லட்சம் வாங்குகிறேன். கல்விக் கடனுக்கு 2 லட்சம் வட்டி போகிறது. 80இ-க்கு உச்சவரம்பு உண்டா?

இல்லை. கட்டிய வட்டி முழுவதையும் கழிக்கலாம், அசலுக்குக் கிடையாது. பகுதி நேரப் படிப்பானாலும் வெளிநாட்டுப் படிப்பானாலும் சரி. ஆனால் எந்த முறை என்று நீங்களும் எழுதவில்லை. 80இ பழைய முறையில்தான் உண்டு. நீங்கள் கேட்டு மாறாதவரை உங்களுக்குப் புதிய முறைதான். கணக்கையும் பாருங்கள்: 18 லட்சத்துக்குப் புதிய முறையில் வரி சுமார் 1.5 லட்சம். பழைய முறையில் இந்த வட்டியோடு 80சி ஒன்றரை லட்சத்தையும் கழித்த பிறகுகூட 2.4 லட்சம் வருகிறது. வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி என்று பெரிய கழிவுகள் கூடவே இருந்தால் ஒழிய, 80இ-க்காகப் பழைய முறைக்குப் போவது நஷ்டம்.

அப்படியும் போகிறவர்கள் வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். 2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் படிவத்திலேயே வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மீதிக் கடன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள்.

தங்கையின் பொறியியல் படிப்புக்கு என் பெயரில் கடன் வாங்கினேன். வட்டியை நான்தான் கட்டுகிறேன்.

நல்ல அண்ணன். கழிவு கிடையாது. தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி தான் காப்பாளராக இருக்கும் மாணவருக்கு வாங்கிய கடனுக்குத்தான் 80இ.

மாமாவிடம் 3 லட்சம் வட்டிக்கு வாங்கினேன். மீதிக்கு நகைக் கடன். இரண்டும் ஃபீஸுக்குத்தான்.

மாமா வங்கி அல்ல. நகைக் கடனை, படிப்புக்காகக் கொடுத்தோம் என்று வங்கி எழுதித் தராதவரை மறந்துவிடுங்கள். நிதி நிறுவனத்தில் கடன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 80இ-க்காக மத்திய அரசு அறிவிக்கை செய்த நிறுவனமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

கடனில் அப்பாவும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இன்னும் படிக்கிறேன். பகுதி நேர வேலையில் வரும் பணத்தில் மாதம் 1,000 வட்டி கட்டிவருகிறேன்.

வட்டி கட்டத் தொடங்கிய வருடமும் அடுத்த ஏழு வருடங்களும், ஆக எட்டு வருடம்தான் 80இ கிடைக்கும். வரி வரம்புக்குக் கீழே சம்பாதிக்கும்போதே கட்ட ஆரம்பித்தால் உங்கள் எட்டில் சில வருடங்கள் வீணாகும். அதற்காகக் கட்டாமல் இருங்கள் என்று சொல்ல மாட்டேன். கட்டாத வட்டி அசலில் ஏறிக் கடனைப் பெருக்கும், அந்த நஷ்டம் பெரிது. அப்பாவுக்கு வரி வருமானம் இருந்து, அவர் பழைய முறையில் இருந்தால் வட்டியை அவர் கணக்கிலிருந்து கட்டச் சொல்லுங்கள். கட்டியவருக்குத்தான் கழிவு. வட்டிச் சான்றிதழை மறக்காதீர்கள்.

எனக்கு மாதம் 25,000 வருகிறது. வரி உண்டா?

எதற்காக வருகிறது என்று எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? படிப்புச் செலவுக்கான உதவித்தொகை என்றால் பிரிவு 10(16)-இன்படி எந்த முறையிலும் வரி இல்லை. வேலை செய்வதற்குத் தரும் 'ஸ்டைபண்ட்' என்றால் அது சம்பளம்; வேறு வருமானம் இல்லையென்றால் மேலே சொன்னபடி புதிய முறையில் அதற்கும் வரி வராது. ஆணைக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்.

ரிட்டர்ன் கெடு தாண்டிவிட்டது. இப்போது பழைய முறையைத் தேர்ந்தெடுத்து 80இ கேட்கலாமா?

முடியாது. தாமத ரிட்டர்ன் என்றால் புதிய முறை மட்டும்தான்.