கீழடியில் அருங்காட்சியகம் திறந்தாகிவிட்டதே, மறுபடியும் ஏன் கட்டுமானப் பணி?

ரெண்டும் வேறு வேறு.

2023 மார்ச் 5-ஆம் தேதி திறந்தது, தோண்டி எடுத்த பொருள்களுக்கான கட்டடம். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், முற்றமும் தூண்களுமாக, சுமார் 31,000 சதுர அடியில் கட்டியது. 2020 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். பானை ஓடு, மணி, தாயக்கட்டை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

இப்போது கேட்பது, அகழாய்வுக் குழிகளை இருந்த இடத்திலேயே காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் பற்றி. அதற்கு 2025 ஜனவரியில்தான் அடிக்கல், மதிப்பீடு 17.10 கோடி ரூபாய். பானையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஆனால் செங்கல் சுவரையும், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு வர முடியுமா? எடுத்தால் அதன் அர்த்தமே போய்விடும். அதனால் வழக்கமாக ஆய்வு முடிந்ததும் குழிகளை மண் போட்டு மூடிவிடுவார்கள். திறந்து வைத்தால் ஒரே மழையில் குழியின் ஓரம் சரியும், ஈரம் ஏறி இறங்கி செங்கல் பொரிந்து உதிரும்.

குழிகளை இருந்த இடத்திலேயே காட்டவேண்டும் என்றால் மேலே கூரை வேண்டும், மழைநீர் வெளியே போக வழி வேண்டும், மக்கள் குழிக்குள் கால் வைக்காமல் பார்க்க நடைபாதை வேண்டும். இதில் சிக்கலானது கூரைக்கான தூண்தான். அதற்கு அஸ்திவாரம் தோண்டும் இடத்திலும் பழைய சுவர் புதைந்திருக்கலாம். சாதாரணக் கட்டடம் மாதிரி பொக்லைனை இறக்கி வேலை பார்க்க முடியாது. இந்த வேலை மெதுவாக நடப்பதுதான் நல்லது என்பேன்.