மொத்த மளிகை வியாபாரம், ஒரு கடை, இரண்டு குடோன். சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ள எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பெயர் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். குடோனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் நாளைக்கு லீவு போட்டால், கடையில் பில் போட்ட சரக்கை வேறொரு பையன் போய் எடுத்து வந்துவிடுவானா? எடுத்து வருவான் என்றால், வேர்ஹவுஸ் சாஃப்ட்வேர் என்று தனியாக எதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம். இருக்கிற கணக்கு சாஃப்ட்வேரில் குடோன், பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கைத் தனியாகக் கணக்கு வைப்பது) வசதிகளை ஆன் செய்தாலே போதும். அந்த அண்ணனுக்கு நான்கு தடவை போன் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

மதுரை, விருதுநகர் பக்கம் மொத்தக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

கணக்கு சாஃப்ட்வேருக்கு எத்தனை பெட்டி இருக்கிறது என்று தெரியும். எந்த ரேக்கில் இருக்கிறது, எந்தப் பெட்டியை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்று தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் வேர்ஹவுஸ் சாஃப்ட்வேர். கணக்கு சாஃப்ட்வேராக டேலி வைத்திருந்தால் நடுவில் ஒரு வழி உண்டு. ஒரு குடோனுக்குக் கீழே இன்னொரு குடோனை உருவாக்க டேலி விடும். அதனால் ஒவ்வொரு ரேக்கையும் ஒரு சின்னக் குடோனாகவே எழுதிக்கொள்ளலாம். சில நூறு அயிட்டம் உள்ள கடைக்கு இது ஓடும். அதற்கு மேல் போனால் என்ட்ரி போடுகிற பெண் ஒரு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொள்வார்.

சரி, தனியாக வாங்குவதாகவே முடிவு செய்துவிட்டீர்கள். டெமோ காட்ட வருபவர் தன் லேப்டாப்பில் 'அயிட்டம் ஏ', 'அயிட்டம் பி' என்று அழகாக ஓட்டிக் காட்டுவார். அதில் எந்த சாஃப்ட்வேரும் தோற்காது. உங்கள் கடையில் மிகத் தொல்லை கொடுக்கும் சரக்கை மேசையில் வைத்து, இதை ஓட்டுங்கள் என்று சொல்லுங்கள்.

முதலில் சோப்பை எடுங்கள். 890 என்று தொடங்கும் அந்த பார்கோடு, கம்பெனி விலையை மாற்றினாலும் பெரும்பாலும் மாறாது. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது நினைவிருக்கும். அப்போது பழைய எம்ஆர்பி பெட்டியும் புது எம்ஆர்பி பெட்டியும் ஒரே ரேக்கில், ஒரே பார்கோடோடு கிடந்தன. ஸ்கேன் செய்ததும் இரண்டு எம்ஆர்பியையும் காட்டி எது என்று கேட்க வேண்டும், இருப்பையும் தனித்தனியாகக் குறைக்க வேண்டும். 'ஒரு அயிட்டத்துக்கு ஒரு விலைதான் சார்' என்று பதில் வந்தால் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுச் சந்தையை மனதில் வைத்துச் செய்த சாஃப்ட்வேர்கள் பல இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. எம்ஆர்பி என்கிற சங்கதியே பல நாடுகளில் கிடையாது.

அடுத்தது துவரம் பருப்பு. 50 கிலோ மூட்டையாக வருகிறது, பாதி அப்படியே போகிறது, மீதியை ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போடுகிறீர்கள். புடைத்ததில் கொஞ்சம் தூசியாகப் போகும். மூட்டை இருப்பு குறைந்து பாக்கெட் இருப்பு ஏற வேண்டும், போன தூசிக்கும் கணக்கு நிற்க வேண்டும், பாக்கெட் கவருக்கான செலவும் அடக்கவிலையில் சேர வேண்டும். இதை ஒரே என்ட்ரியில் போட முடிகிறதா என்று பாருங்கள். கூடவே 12 வாங்கினால் 1 இலவசம் என்று வரும் ஸ்கீம் சரக்கு. அந்த ஒன்று இருப்பில் ஏறாமல் போனால், எண்ணும்போது சரக்கு கூடுதலாக இருக்கும். கூடுதல்தானே என்று யாரும் கேட்க மாட்டார்கள், திருட்டு ஒளிந்துகொள்வதும் அங்கேதான்.

எக்ஸ்பைரியைப் பற்றி எல்லா டெமோவிலும் பெருமையாகச் சொல்வார்கள். முதலில் வந்ததை முதலில் அனுப்புவது போதாது. நேற்று வந்த பிஸ்கட் பெட்டிக்கு, போன வாரம் வந்ததைவிட முன்னால் காலாவதி தேதி இருக்கலாம். தேதியைப் பார்த்து எடுக்கச் சொல்கிறதா என்று கேளுங்கள். டேமேஜ் சரக்கும் கம்பெனிக்குத் திருப்ப வேண்டியதும் தனி இடத்தில் நிற்க வேண்டும், விற்கும் இருப்போடு கலக்கக் கூடாது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது லோடுமேன் கையில் இருக்கும் போன். பில் போட்டவுடன் எடுக்க வேண்டிய பட்டியல் அந்த ஆண்ட்ராய்டு திரையில் ரேக் வரிசைப்படி, முடிந்தால் தமிழில் வர வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வராது. இணையம் இல்லாதபோதும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் தானாக அனுப்பும் வசதி இருக்கிறதா என்று உங்கள் குடோனின் கடைசி மூலையிலேயே சோதியுங்கள். ஏசி அறையில் டெமோ பார்த்து வாங்கியவர்கள்தான் பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. இரண்டு குடோன்களும் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வரி உள்ள சரக்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால், உங்கள் குடோனிலிருந்து உங்கள் கடைக்கே போனாலும் இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். வருட விற்பனை 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (அரசு இணையதளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம். இந்த இரண்டையும் சாஃப்ட்வேருக்குள்ளிருந்தே போட முடிய வேண்டும், இன்னொரு ஜன்னலைத் திறந்து தட்டச்சு செய்யும் வேலை வேண்டாம்.

பெயர் கேட்டீர்களே. ஏற்கெனவே டேலியில் கணக்கு ஓடுகிறது, ஆடிட்டரும் அதில்தான் பார்க்கிறார் என்றால் அதை மாற்றாதீர்கள். அதோடு ஒட்டிக்கொள்ளும் ஸ்கேனிங் வசதியைத் தேடுங்கள். பேட்ச், எக்ஸ்பைரி, ஸ்கீம் எல்லாம் அதிகம் புரளும் கடை என்றால் மருந்து மொத்த வியாபாரிகள் பலர் வைத்திருக்கும் மார்க் இஆர்பியைப் பாருங்கள். ஆன்லைன் ஆர்டரும் உண்டு, வெளியூரிலிருந்து போனில் இருப்பைப் பார்க்க வேண்டும் என்றால் ஸோஹோ இன்வென்டரி. என்னைக் கேட்டால், மூன்றில் எது என்பதைவிட உங்கள் ஊரில் மாலை 7 மணிக்குப் போன் எடுக்கும் டீலர் எதற்கு இருக்கிறார் என்பதைப் பார்த்தே முடிவு செய்வேன். வருடாந்திரக் கட்டணத்தையும், விட்டு வெளியே போனால் மொத்த டேட்டாவும் எக்ஸெலில் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பணம் கட்டும் முன்பே ரேக்குகளுக்கு எண் எழுதிவிடுங்கள். அதற்குப் பெயின்ட் டப்பா ஒன்று போதும். சின்னக் குடோனில் மட்டும் முதலில் ஆரம்பித்து, தினமும் இரண்டு ரேக் எண்ணி சாஃப்ட்வேரோடு ஒத்துப் பாருங்கள். அது சரியாக வந்த பிறகு பெரிய குடோன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களிலும் மார்ச்சிலும் மட்டும் மாற்ற வேண்டாம். அந்தச் சமயத்தில் டீலரும் போனை எடுக்க மாட்டார்.