வெண்புள்ளியும் அந்தப் பத்துக் கேள்வித் தாளும்: கேள்வி பதில்

(தோல் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளுக்குப் படிவம் வாசித்து நிரப்பித் தருவது என் வேலை. எனக்கும் கையில் வெண்புள்ளி உண்டு. வந்த கேள்விகளில் ஐந்து இங்கே.)

தோல் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். துணி, கடைத்தெரு, தாம்பத்தியம் என்று என்னென்னவோ கேட்கிறது. நான்கு புள்ளிக்கு இது எதற்கு?

அதன் பெயர் டி.எல்.க்யூ.ஐ., அதாவது தோல் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் அளவுகோல். பிரிட்டனில் கார்டிஃப் நகரத்தைச் சேர்ந்த ஃபின்லே, கான் இருவரும் 1994-ல் வெளியிட்டது. கடந்த ஒரு வாரத்தில் உங்கள் தோல் உங்களை எவ்வளவு படுத்தியது என்று பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 30. பத்தைத் தாண்டினாலே பாதிப்பு மிகப் பெரிது என்று கணக்கு. புள்ளி நான்கா நாற்பதா என்பதை டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார். அதில் ஒன்று உதட்டோரம் இருப்பதால் நீங்கள் போட்டோவுக்கே நிற்பதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்கு வந்தது வெறும் 3. ஆனால் ராத்திரி தூக்கமே இல்லை. தப்பாக நிரப்பிவிட்டேனா?

இல்லை அம்மா, தாளிலும் கோளாறு இருக்கிறது. முதல் கேள்வியே அரிப்பு, வலி பற்றியது. வெண்புள்ளி பெரும்பாலும் அரிக்காது, அங்கே பூஜ்யம். கூச்சத்துக்கு என்று இருப்பது ஒரே கேள்வி. இதைவிட மோசம், ‘பொருந்தாது’ என்ற கட்டம். அதற்கும் பூஜ்யம்தான். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டவர், “நான்தான் எங்கேயும் போறதில்லையே” என்று அதில் டிக் போட்டுவிடுவார். அதனால் யார் அங்கே டிக் போட்டாலும், “முன்னாடி போவீங்களா?” என்று கேட்பேன். பாதிப் பேருக்கு அப்போதுதான் குரல் மாறும்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெண்புள்ளிக்கென்றே 22 கேள்விகளோடு வி.ஐ.எஸ்.-22 என்ற அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். அது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் போய்விட்டதை மட்டும் மதிப்பெண்ணை நம்பி விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ உடனே கூப்பிடுங்கள்.

மகளுக்கு 9 வயது. அவளுக்கும் இதே தாளா?

4 முதல் 16 வயது வரை தனித் தாள் இருக்கிறது, படம் போட்டதும் உண்டு. பள்ளி, விளையாட்டு, தூக்கம், கேலி என்று கேட்கும். வாசித்துக் காட்டுங்கள், பதிலை மட்டும் அவளே சொல்லட்டும். ஒரு அம்மா “கேலி எல்லாம் யாரும் பண்றதில்லை சார்” என்று முந்திக்கொண்டார். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாமியார் இதை வெண்குஷ்டம் என்கிறார். குஷ்டம் என்று சொல்லி விவாகரத்து கேட்க முடியுமா?

குஷ்டம் கிருமியால் வருவது. இது நம் எதிர்ப்புச் சக்தியே நிறமி செல்களைத் தாக்குவதால் வருவது, ஒட்டாது. அப்புறம், குஷ்டத்தையே விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து 2019-ல் சட்டம் திருத்தி நீக்கிவிட்டார்கள். மாமியாருக்குப் புதுக் காரணம்தான் தேட வேண்டும்.

ஆறு மாதம் முன்பு 14, இப்போது 9. புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. இதை நம்பலாமா?

நம்பலாம். நான்கு மதிப்பெண்ணாவது மாறினால் அது நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கு ஐந்து. ஏன் குறைந்தது என்பதைத் தாள் கேட்காது. ஆபீஸில் யாரிடமாவது விஷயத்தைச் சொன்னீர்களா, முழுக்கைச் சட்டையை விட்டீர்களா? எனக்கு மதிப்பெண் இறங்கியது நான் அரைக்கைக்கு மாறிய வருடம். களிம்பு அப்போதும் அதே களிம்புதான்.