வீடியோவில் முகத்தையும் நம்பர் பிளேட்டையும் மறைப்பது எப்படி?

கேள்வி: நான் எடுத்த வீடியோவில் தெரியாத சிலரின் முகமும் ஒரு காரின் நம்பர் பிளேட்டும் பதிவாகிவிட்டன. ப்ளர் செய்து பகிர்ந்தால் போதுமா? அதை யாராவது மறுபடி தெளிவாக்கிவிட முடியுமா?

பதில்: நம்பர் பிளேட்டுக்கு ப்ளர் வேண்டாம். கறுப்புப் பெட்டி வைத்து முழுசாக மூடிவிடுங்கள். ப்ளரோ மொசைக்கோ (படத்தைக் கட்டம் கட்டமாக்கிக் காட்டுவது) எழுத்தைக் கலைக்குமே தவிர அழிப்பதில்லை. பிளேட்டில் வரக்கூடியவை சில எழுத்துகளும் 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களும்தான். ஒவ்வொன்றையும் அதே அளவில் கலைத்து, உங்கள் படத்தோடு ஒப்பிட்டால் பல சமயம் விடை கிடைத்துவிடும். மொசைக் போட்ட எழுத்தை இப்படி மீட்கும் ‘டீபிக்ஸ்’ என்ற இலவசக் கருவி 2020-லேயே வந்துவிட்டது. வீடியோவில் ஆபத்து இன்னும் கூடுதல்: அதே பிளேட் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் (ஃப்ரேம் என்பது வீடியோவில் உள்ள ஒவ்வொரு தனிப் படம்) கொஞ்சம் நகர்ந்து பதிவாகியிருக்கும், அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கூடுதல் விவரம் தேறும். கறுப்புப் பெட்டிக்குக் கீழே மீட்க எதுவுமே இருக்காது. வங்கி எண், முகவரி, திரையில் தெரியும் குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

முகத்துக்கு ப்ளர் பரவாயில்லை, ஆனால் கண்ணை மட்டும் மறைக்காமல் தலை முழுவதும், மூக்கும் வாயும் எங்கே என்றே தெரியாத அளவுக்கு அழுத்தமாகப் போடுங்கள். உடையையும் நடையையும் வைத்துத் தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பதை எந்த ப்ளரும் தடுக்காது.

ஆள் நகர்ந்தால் மறைப்பும் கூடவே நகர வேண்டுமே, அதற்குத்தான் டிராக்கிங். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இது உண்டு. யாராவது குறுக்கே போனாலோ முகம் திரும்பினாலோ டிராக்கிங் வழுக்கிவிடும். அந்த இடங்களில் கீஃப்ரேம் (மறைப்பு எந்த ஃப்ரேமில் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி) வைத்துக் கையால் சரிசெய்யுங்கள். முடித்ததும் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். ஓடும்போது கண்ணில் படாத ஒரே ஒரு ஃப்ரேம் போதும், பார்ப்பவர் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார். ஆள் உள்ளே வருவதற்குச் சில ஃப்ரேம் முன்பே மறைப்பு தொடங்கட்டும்.

யூடியூப் ஸ்டுடியோவிலும் ப்ளர் வசதி இருக்கிறது. ஆனால் அதை நம்பி அசல் வீடியோவை ஏற்ற வேண்டியிருக்கும். கைவசம் கணினி இருந்தால் அங்கேயே மறைத்து எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை மட்டும் அனுப்புவதே மேல்.

அப்புறம், கண்ணாடியிலும் ஜன்னலிலும் விழும் பிம்பம், முன்பே தேர்ந்தெடுத்து வைத்த தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்), பின்னணியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். இவை எல்லோரும் கோட்டைவிடும் இடங்கள். போனில் எடுத்த வீடியோவுக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் இருக்கலாம். எக்ஸ்போர்ட் செய்த கோப்பின் விவரங்களைத் திறந்து அது போய்விட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.