சட்டத்தரணியிடம் சொன்னதை எதிர்த்தரப்பு தோண்டி எடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டது: நிலாவெளிப் பக்கம் ஒரு காணி வழக்கு. பழைய உறுதி (காணிப் பத்திரம்) ஒன்றில் குறை இருப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டீர்கள். எதிர்த்தரப்பு அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் என்ன ஆகும்?

கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அவரைக் கட்டிப்போடுகிறது. தொழில் நிமித்தம் நீங்கள் அவருக்குச் சொன்னது, அவர் உங்களுக்குத் தந்த ஆலோசனை, அந்த வேலைக்காக அவர் பார்த்த பத்திரங்களில் இருந்த விடயம், இந்த மூன்றையும் உங்கள் வெளிப்படையான சம்மதமில்லாமல் வெளியிட முடியாது. வழக்கு முடிந்தாலும், நீங்கள் வேறொருவரிடம் போனாலும் இந்தக் கடமை தொடரும். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கும் இதே பிரிவுதான். கந்தோர்க் கிளாக்கரையும் மொழிபெயர்ப்பாளரையும் 127ஆம் பிரிவு சேர்த்துக் கட்டுகிறது. உரிமை கட்சிக்காரருடையது, அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் சட்டத்தரணிக்கு இல்லை.

ஆனால் பத்திரத்தில் இருந்ததைச் சட்டத்தரணி வாயால் சொல்லக் கூடாதே தவிர, உறுதியே இரகசியமாகிவிடுவதில்லை. வழக்கு வருமுன்பே இருந்த ஒரு பத்திரம் சட்டத்தரணியின் கோப்புக்குள் போனதால் இரகசியமாகிவிடாது. பதிவான உறுதி என்றால் யாரும் கட்டணம் கட்டிக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் என்ன குறை, அதை எப்படி எதிர்கொள்வது என்று நீங்கள் இருவரும் பேசியதைத்தான் யாரும் கேட்க முடியாது.

இன்னொரு எல்லையும் உண்டு, காணி வழக்கில் இது முக்கியம். நடந்து முடிந்த குற்றத்தைச் சொல்லி "எனக்காக வாதாடுங்கள்" என்றால் அது பாதுகாக்கப்படும். "இந்தக் கள்ள உறுதியை வைத்துக் காணியை எடுத்துத் தாருங்கள்" என்றால் பாதுகாப்பு இல்லை. இரண்டும் அந்தப் பிரிவிலேயே தரப்பட்டுள்ள உதாரணங்கள்தான். இனிச் செய்யப்போகும் சட்டவிரோதக் காரியத்துக்காகச் சொன்னது எதையும் 126 மறைக்காது. சட்டத்தரணி வேலையை ஏற்ற பிறகு நடந்த மோசடியை அவரே கண்டால் அதுவும் அப்படியே. ஆகவே உங்கள் உறுதியில் குறை இருப்பதைச் சொன்னதில் ஆபத்தில்லை. சொல்லாமல் விட்டு, அது குறுக்கு விசாரணையில் முதல்முறையாக வெளிவந்தால்தான் ஆபத்து.

பெரும்பாலும் இரகசியம் போவது நீதிமன்றத்தில் அல்ல. மூன்றாம் ஆளின் காதில் போகிறது. மைத்துனர், பக்கத்துக் காணிக்காரர், துணைக்கு வந்த நண்பர் யாரையும் 126 கட்டாது. நீங்கள் பேசியதைக் கேட்டவரை எதிர்த்தரப்பு சாட்சியாக அழைக்கலாம். துணைக்கு ஆள் வந்தால் அறிமுகம் முடிந்ததும் வெளி வாங்கில் இருக்கச் சொல்லுங்கள். நல்ல சட்டத்தரணி அதைத் தானாகவே கேட்பார். நீதிமன்ற வராந்தாவில் வழக்குக் கூப்பிடும் வரை நின்று பேசுவதும் வேண்டாம். எதிராளியின் ஆட்கள் நிற்பதும் அதே வராந்தாவில்தான்.

கொழும்பிலிருந்து சிங்களம் மட்டும் பேசும் மூத்த சட்டத்தரணி வருகிறாரா? மொழிபெயர்க்க உறவினரைக் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் சட்டத்தரணியின் கந்தோரே ஒருவரை ஒழுங்கு செய்யட்டும், அவர் எதற்காக அங்கே இருந்தார் என்பதைக் கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கட்டும். பிறகு 127 பொருந்துமா என்ற வாதத்துக்கு இடம் குறையும்.

கொமினிகேஷன் கடை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சட்டத்தரணி அனுப்பிய வழக்குரை வரைவைப் பிரிண்ட் எடுக்கக் கடைக்காரரின் வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுகிறோம். அது அவருடைய போனிலும் கணினியின் டவுன்லோட் கோப்புறையிலும் கிடக்கும். அடுத்து வருபவர் எதிராளியாகவும் இருக்கலாம். பிரிண்டைச் சட்டத்தரணியின் கந்தோரிலேயே எடுங்கள். முடியாவிட்டால் பென் டிரைவில் கொண்டுபோய், கண்முன்னே பிரிண்ட் எடுத்து, கணினியில் பிரதி கிடந்தால் அழிப்பித்துவிட்டு வாருங்கள். கனடாவிலோ லண்டனிலோ உள்ள சகோதரர்கள் கேட்கிறார்கள் என்று ஆலோசனைக் கடிதத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே கதைதான். அவர்களில் யாரும் வழக்கில் ஒரு தரப்பினர் என்றால், அல்லது அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரம்) தந்தவர் என்றால், சட்டத்தரணி நேரே அவருக்கு அனுப்பட்டும்.

சகோதரர்கள் இருவர் ஒரே சட்டத்தரணியை வைத்தால், அந்த வேலை பற்றி ஒருவர் சொன்னது மற்றவருக்கு இரகசியமல்ல. பாகப் பிரிவினையில் மனக்கசப்பு வரும்போலத் தெரிந்தால் ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு சட்டத்தரணி வையுங்கள்.

கடைசியாகச் சாட்சிக் கூண்டு. சட்ட ஆலோசகரோடு நடந்த இரகசியப் பேச்சைச் சொல்லும்படி உங்களையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 129. ஆனால் நீங்களே சாட்சியாக ஏறினால், நீங்கள் சொன்ன சாட்சியத்தை விளங்கிக்கொள்ளத் தேவை என்று நீதிமன்றம் கருதும் அளவுக்கு அந்தப் பேச்சையும் சொல்ல வைக்கலாம். "எங்கட லோயர் இப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்" என்று குறுக்கு விசாரணையில் வாய் தவறி வந்தால், அவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று அடுத்த கேள்விகள் அங்கிருந்தே கிளம்பும். கேட்டதற்கு மட்டும், நீங்கள் கண்டதையும் செய்ததையும் சொல்லுங்கள். கேள்வி சட்டத்தரணியுடன் பேசியதைத் தொட்டால் உடனே பதில் சொல்லாமல் சற்றுப் பொறுங்கள். ஆட்சேபிக்க உங்கள் சட்டத்தரணிக்கு அந்த இடைவெளி வேண்டும்.