30 நாள் ஒட்சிசனுக்கு நிலாவெளிக் காணியை விற்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன், அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. கணவருக்குத் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்து நாலு வருடம். போன வருடம் கடைவாய்ப்பல் பிடுங்கிய இடம் ஆறவே இல்லை, தாடை எலும்பு வெளியே தெரிகிறது. அழுத்த அறையில் 30 தடவை ஒட்சிசன் கொடுக்க வேண்டுமாம். கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். நிலையான வைப்பை உடைக்கவா, நிலாவெளிக் காணியை விற்கவா?

பதில்: ரீச்சர், இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

இந்த அறை நம்மூர் சுழியோடிகளுக்குத் தெரிந்ததுதான். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து முடங்கிப் போனவர்களை இதில்தான் வைப்பார்கள். இப்படித் தாடை எலும்பு வெளியே தெரிந்தால் வழக்கமான கணக்கு, அறுவைக்கு முன் 30 தடவை, பின் 10. ஆகவே முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, “அறுவை எப்போது, யார் செய்வது?” என்பதை. அறுவை இல்லாமல் ஒட்சிசன் மட்டும் என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் அப்படிக் கொடுத்ததால் பலன் தெரியவில்லை. ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டார்கள். மகரகம அரசாங்கப் புற்றுநோய் வைத்தியசாலையில் இன்னொரு அபிப்பிராயம் கேளுங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

சரி, செய்வதுதான் என்று முடிவானால், மொத்தமாகக் கட்டாதீர்கள். காது அடைப்போ நுரையீரலில் குறையோ இருந்தால் பாதியில் நிறுத்த நேரிடும். கிழமைக்குக் கிழமை கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். மறுத்தால், நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பலர் மறப்பது மற்றச் செலவை. கிழமைக்கு 5 நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் 30 தடவைக்கே ஆறு கிழமை கொழும்பில் தங்க வேண்டும். மெல்ல முடியாதவருக்குக் கடைச் சாப்பாடு சரிவராது. கஞ்சி காய்ச்ச அடுப்புள்ள அறையாகப் பாருங்கள். கூட இருக்கப்போவது நீங்கள் என்றால், சம்பளமில்லா லீவையும் கணக்கில் போடுங்கள்.

வைப்பை உடைத்தால் வட்டியை வெட்டுவார்கள். அதன்மேல் கடன் எடுங்கள். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. அரசாங்க ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதியில் கணவரும் அடக்கம், ஆனால் படுக்கையில் சேராமல் எடுக்கும் சிகிச்சைக்குத் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். மருத்துவ உதவி கேட்டு ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

காணி? அவசரத்தில் விற்கிறவரிடம் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். உறுதி பார்த்து, எழுதி முடிக்கவே ஆறு கிழமை ஓடிவிடும்.